பேனல்ல பேர் சரி, பிஎல்சில பார்ட் வேற: ஒரு லீக் டெஸ்ட் மெஷினோட மாடல் லிஸ்ட் கேஸ்

ஹோசூர் பக்கம் அலுமினியம் ஹவுசிங் மெஷினிங் பண்ற ஒரு ப்ளான்ட். லைனோட கடைசி ஸ்டேஷன் லீக் டெஸ்ட். பீஸை புடிச்சு நிறுத்தற ஃபிக்ஸ்சர்ல வெச்சு, போர்ட் எல்லாத்தையும் ரப்பர் சீல் வெச்சு அடைச்சு, உள்ள காத்தை ஏத்தி வால்வை மூடிட்டு, குறிப்பிட்ட நேரத்துல பிரஷர் எவ்வளவு இறங்குதுன்னு பாக்கற மெஷின். கன்ட்ரோல் சீமென்ஸோட எஸ்7-1200 பிஎல்சி, அதாவது மெஷினை ஓட்டற கன்ட்ரோலர். டிஸ்ப்ளே அதே கம்பெனியோட கேடிபி700 பேசிக், 7 இன்ச் டச் பேனல். ஒரு ஸ்கிரீன், அதுல மாடல் செலக்ட் பண்ண ஒரு டிராப் டவுன் லிஸ்ட், அவ்வளவுதான். நம்ம ஊர்ல ஸ்பெஷல் பர்பஸ் மெஷின் பண்ற பாதி பேர் இப்படித்தான் பண்ணுவாங்க, பாக்க சுத்தமாவும் இருக்கும்.

பிரச்சனை கஸ்டமர் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. பைபாஸ் மாடல்னு இவங்க சொல்ற ஹவுசிங்ல, ஓகே மார்க் குத்தின பீஸே அங்க அசெம்பிளி லைன்ல லீக் ஆகுது. பீஸ் திரும்பி வந்துச்சு, க்வாலிட்டி ஆளுங்க இன்னொரு டெஸ்ட் பெஞ்ச்ல போட்டு பாத்தாங்க, நிஜமாவே லிமிட்டுக்கு மேல லீக். அப்ப இந்த மெஷின் எப்படி ஓகே குடுத்துச்சு? வழக்கம்போல முதல் முடிவு, "ஆபரேட்டர் தப்பா மாடல் செலக்ட் பண்ணிட்டான்". நைட் ஷிஃப்ட் பையன் மேல மெமோ வேற ரெடி ஆயிடுச்சு. என்னை கூப்பிட்டதே மாடல் செலக்‌ஷனுக்கு பாஸ்வேர்ட் போட்டு குடுங்கன்னுதான்.

பாஸ்வேர்ட் போடறது பெரிய வேலை இல்ல, ஆனா பாஸ்வேர்டால இது நிக்குமான்னு தெரியாம போடறதுல அர்த்தம் இல்லல்ல. அதனால அந்த பையன்கிட்டயே முதல்ல கேட்டேன். "சார், நான் பேரை பாத்துதான் சார் எடுக்கறேன், மேல பெருசா பைபாஸ்னு வருது, அதை பாத்துட்டுதான் ஸ்டார்ட் அடிக்கறேன், வேணும்னா ரிஜிஸ்டர் பாருங்க"ன்னான். ரிஜிஸ்டர்ல கையால எழுதியிருந்தான், நேரத்தோட, மாடல் பேரோட, ஒழுங்கா.

மெஷின்லயும் ஒரு லாக் இருந்துச்சு. ஒவ்வொரு பீஸுக்கும் நேரம், சீரியல் நம்பர், லீக் வேல்யூ, ரிசல்ட், அப்புறம் மாடல். இந்த மாடல்ங்கற காலம்ல பேர் கிடையாது, நம்பர்தான். ரிஜிஸ்டரையும் லாகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஷிஃப்ட்டுக்கு ஓட்டி பாத்தேன். ரிஜிஸ்டர்ல பைபாஸ்னு எழுதியிருக்கற நேரத்துல எல்லாம் லாக்ல 7. பிஎல்சி ப்ரோக்ராமை ஆன்லைன்ல திறந்து மாடல் டேட்டா இருக்கற டிபியை, அதாவது டேட்டா ப்ளாக்கை பாத்தா, 7-வது வரிசைல இருக்கறது பைபாஸ் இல்ல, புதுசா வந்த ஸ்டாண்டர்ட்-2. பைபாஸ் டேட்டா 6-ல உக்காந்திருக்கு. பையன் தொட்டது சரி, பேனல்ல தெரிஞ்ச பேரும் சரி, உள்ள போன நம்பர்தான் வேற ஆளோடது.

எப்படி இப்படி ஆச்சுன்னு புரிய, இந்த பேனல்ல லிஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாக்கணும். பேனலையும் பிஎல்சியையும் ப்ரோக்ராம் பண்ற டிஐஏ போர்ட்டல் சாஃப்ட்வேர்ல டிராப் டவுன்னு தனியா ஒண்ணு தேடினா கிடைக்காது, சிம்பாலிக் ஐஓ ஃபீல்டுன்னு ஒண்ணு இருக்கும். அதுக்கு பின்னாடி ஒரு டெக்ஸ்ட் லிஸ்ட். டெக்ஸ்ட் லிஸ்ட்ல ரெண்டே சமாச்சாரம், இடது பக்கம் நம்பர், வலது பக்கம் எழுத்து. ஃபீல்டை ஒரு டேகோட, அதாவது பிஎல்சில அந்த நம்பர் உக்கார்ற இடத்தோட கட்டி விடறோம், மோட் இன்புட்/அவுட்புட்னு வெக்கறோம். டேக்ல 6 இருந்தா 6-க்கு நேரா இருக்கற எழுத்து ஸ்கிரீன்ல வரும், ஆபரேட்டர் வேற எழுத்தை தொட்டா அதோட நம்பர் டேகுக்கு போகும். எழுத்து பேனலுக்குள்ளேயே இருக்கு, பிஎல்சிக்கு அந்த எழுத்து பத்தி ஒண்ணுமே தெரியாது, தெரியவும் வழி இல்ல.

இப்ப இந்த மெஷின்ல நடந்தது. ஆரம்பத்துல 6 மாடல். 1-லேர்ந்து 4 வரைக்கும் ஆளுக்கொரு ஃபிக்ஸ்சர். 5 ஸ்டாண்டர்ட், 6 பைபாஸ், இந்த ரெண்டுக்கும் ஒரே ஃபிக்ஸ்சர், வெளிய பாத்தா ஒரே பீஸ் மாதிரிதான், உள்ள சேம்பர்தான் வித்தியாசம். அப்புறம் ஸ்டாண்டர்ட்-2 வந்துச்சு, அதுவும் அதே ஃபிக்ஸ்சர். மெஷின் பில்டரோட ஆள் ரிமோட்ல வந்து பிஎல்சில கடைசியா 7-வது வரிசைய சேத்து பாராமீட்டர் எல்லாம் போட்டுட்டு போயிட்டாரு, பேனல்ல பேரை மட்டும் நீங்க சேத்துக்கங்கன்னு மெயின்டனன்ஸுக்கு சொல்லிட்டாரு. மெயின்டனன்ஸ்ல இருந்தவரு நல்ல எண்ணத்துலதான் பண்ணாரு, ஸ்டாண்டர்டுக்கு பக்கத்துலேயே ஸ்டாண்டர்ட்-2 இருந்தா ஆபரேட்டருக்கு தேட வேண்டாம்னு நினைச்சு, புது பேருக்கு 6 குடுத்து பைபாஸை 7-க்கு தள்ளிட்டாரு. பேனலை டவுன்லோட் பண்ணாரு, ஸ்கிரீன்ல வரிசை அழகா வந்துச்சு, ரெண்டு பீஸ் ஓட்டி பாத்தாரு, ரெண்டும் ஓகே, முடிஞ்சுது.

மத்த மாடல்ல தப்பு நடந்திருந்தா ஃபிக்ஸ்சர் சென்சார் புடிச்சிருக்கும். ஒவ்வொரு ஃபிக்ஸ்சருக்கு அடியிலயும் பிராக்சிமிட்டி வெச்சு ஒரு கோட் இருக்கு, மாடல் நம்பருக்கும் அந்த கோடுக்கும் பொருந்தலேன்னா சைக்கிள் ஸ்டார்ட் ஆகாது. ஆனா இந்த மூணு மாடலுக்கும் கோட் ஒண்ணேதான். மெஷினுக்கு இருந்த ஒரே காவலும் சரியா அந்த இடத்துலதான் தூங்கிச்சு.

கணக்கு எங்க மாறுதுன்னு பாக்கலாம். இந்த மெஷின்ல பீஸோட உள் வால்யூமை பாராமீட்டரா குடுத்து, பிரஷர் டிராப்பை லீக் ரேட்டா மாத்தற டைப். வால்யூம் பெருக்கல் பிரஷர் டிராப், வகுத்தல் வளிமண்டல பிரஷர், வகுத்தல் டெஸ்ட் டைம், அதை நிமிஷத்துக்கு மாத்தினா நிமிஷத்துக்கு இத்தனை சிசின்னு வரும். புரியறதுக்காக ரவுண்டா வெச்சுக்கறேன், பைபாஸ் 200 சிசி, ஸ்டாண்டர்ட்-2 120 சிசி, லிமிட் ரெண்டுக்கும் நிமிஷத்துக்கு 2 சிசி. 5 செகண்ட் டெஸ்ட் டைம்ல 100 பாஸ்கல் இறங்குதுன்னா, 200 சிசி பீஸுக்கு உண்மையான லீக் 2.37 சிசி, ரிஜெக்ட் ஆகணும். அதே பீஸை 120 சிசின்னு நினைச்சு மெஷின் கணக்கு போட்டா 1.42-ன்னு காட்டும், பச்சை லைட். அதாவது 2-லேர்ந்து கிட்டத்தட்ட 3.3 சிசி வரைக்கும் லீக் ஆகற பைபாஸ் பீஸ் எல்லாம் ஓகே மார்க்கோட வெளிய போயிருக்கும்.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கணும்ல? ஸ்டாண்டர்ட்-2 பேரை தொட்டா 6 போகுது, அங்க பைபாஸோட 200 சிசி இருக்கு, அதனால 1.42 லீக் ஆகற நல்ல பீஸ் 2.37-ன்னு சிவப்பு லைட் வாங்கும். 1.2 சிசியை தாண்டினாலே ரிஜெக்ட். க்வாலிட்டில கேட்டேன், "ஸ்டாண்டர்ட்-2-ல ரிஜெக்‌ஷன் ஜாஸ்தியா இருக்கா?"ன்னு. அவரு ஒரு மாதிரி பாத்தாரு. அது வேற ஃபைலாம், ஃபவுண்ட்ரி மேல கம்ப்ளெயின்ட் போய், போரோசிட்டி, அதாவது காஸ்டிங்ல நுண்ணிய ஓட்டைன்னு சண்டை நடந்து, அவங்க எக்ஸ்ரே எடுத்து காஸ்டிங் எப்பவும் போலதான் இருக்குன்னு திருப்பி அனுப்பி, ரிஜெக்ட் ஆன பீஸை எல்லாம் அந்த ஓட்டைய ரெசின் வெச்சு அடைக்கற இம்ப்ரெக்னேஷனுக்கு அனுப்பி செலவு பண்ணிட்டிருந்தாங்க. ஒரே தப்போட ரெண்டு முனை, ரெண்டு டிபார்ட்மென்ட்ல ரெண்டு ஃபைலா உக்காந்திருக்கு. ஒரு மாடல் சும்மா சும்மா பாஸ் ஆகுது, பக்கத்து மாடல் சும்மா சும்மா ஃபெயில் ஆகுதுன்னா அது மாறிப்போனதோட அடையாளம், ரெண்டையும் ஒரே மீட்டிங்ல பேசியிருந்தா என்னை கூப்பிடாமலேயே கண்டுபிடிச்சிருப்பாங்க.

தினமும் ஷிஃப்ட் ஆரம்பத்துல, தெரிஞ்ச அளவு மட்டும் லீக் விடற கேலிபரேட்டட் லீக் மாஸ்டர் வெச்சு மெஷினை செக் பண்றாங்களே, அது ஏன் புடிக்கலன்னும் கேள்வி வரும். செக் பண்றது மாடல் 1-ல மட்டும். மாஸ்டர் வைக்கற ஃபிக்ஸ்சர் அதுதான், செக் ஷீட்லயும் அதுதான் எழுதியிருக்கு. மெஷினோட சென்சார் சரியா இருக்கான்னு அது சொல்லும், 7-வது வரிசைல யாரோட வால்யூம் இருக்குன்னு அது எப்படி சொல்லும்.

உடனடி வேலை சீக்கிரம் முடிஞ்சுது. டெக்ஸ்ட் லிஸ்ட்ல நம்பரை பழையபடி மாத்தி பேனலை டவுன்லோட் பண்ணியாச்சு, ஒவ்வொரு மாடல்லயும் மாஸ்டர் லீக் வெச்சு ஓட்டியாச்சு, ஸ்டாக்ல இருந்த பைபாஸ் பீஸை எல்லாம் மறுபடி டெஸ்ட் பண்ணாங்க, பையனோட மெமோவை கிழிச்சாங்க. அதோட விட்டிருந்தா அடுத்த புது மாடல் வரும்போது இதே கதை திரும்ப நடக்கும். அதனால லிஸ்ட்டையே வேற மாதிரி கட்டலாம்னு பேசி முடிவாச்சு.

முதல்ல பழைய ஸ்கிரீன்ல வேற என்னென்ன ஓட்டை இருக்குன்னு பாத்தேன், நிறைய இருந்துச்சு.

சிம்பாலிக் ஐஓ ஃபீல்ட்ல ஒரு குணம், லிஸ்ட்ல ஒரு பேரை தொட்ட உடனே நம்பர் பிஎல்சிக்கு போயிடும். சரியா, நிச்சயமான்னு எல்லாம் கேக்காது. இங்க அந்த டேக் நேரா ஓடிட்டிருக்கற மாடல் நம்பரேதான். அப்ப ஆட்டோல சைக்கிள் நடந்துட்டிருக்கும்போது யாராவது துணி வெச்சு பேனலை துடைச்சா கூட மாடல் மாறலாம். ராக்வெல் கம்பெனியோட பேனல்வியூ பிளஸ் பேனல் பக்கம் வேலை பார்த்தவங்களுக்கு கன்ட்ரோல் லிஸ்ட் செலக்டர் தெரியும், அதுல ஹைலைட்டை மேல கீழ நகத்திட்டு என்டர் அடிச்சாதான் வேல்யூ போகணும்னு வெச்சுக்கலாம், என்டர் அடிச்சதை பிஎல்சி பாத்துச்சான்னு ஹேண்ட்ஷேக் பிட்டும் உண்டு. அங்கயும் அந்த ஆப்ஷனை எடுத்துட்டு ஹைலைட் நகரும்போதே எழுதற மாதிரி விட்டா, 2-லேர்ந்து 6-க்கு போக 3, 4, 5 எல்லாத்தையும் பிஎல்சி வழியில பாத்துட்டுத்தான் போகும். பிராண்ட் எதுவா இருந்தாலும் கேக்க வேண்டியது ஒண்ணுதான், ஆபரேட்டர் தேடிட்டிருக்கறதும் மெஷின் ஏத்துக்கிட்டதும் ஒரே டேகா, தனித்தனியா?

அடுத்தது பூஜ்யம். டெக்ஸ்ட் லிஸ்ட்ல 0-க்கு ஒண்ணுமே இல்ல, அது பரவால்ல, நம்பர் பொருந்தலேன்னா ஃபீல்ட் வெறுமையா இருக்கும். ஆனா பிஎல்சில அந்த மாடல் டேகுக்கு, கரன்ட் போனாலும் வேல்யூவை ஞாபகம் வெக்கற ரீட்டெய்ன் டிக் போடல, ஸ்டார்ட் வேல்யூ 1. கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறி பிஎல்சி திரும்ப எழுந்தா மாடல் 1 செலக்ட் ஆயிருக்கும், யாரும் தொடாமலேயே. ஃபிக்ஸ்சர் கோட் காப்பாத்திட்டிருந்துச்சு, இல்லேன்னா அது ஒரு தனி கேஸ். பூஜ்யம்னா எதுவும் தேர்வாகலேன்னு வெச்சு, கரன்ட் வந்தா பழைய மாடலை ஞாபகம் வெச்சிருக்கணும், ஞாபகம் இல்லேன்னா பூஜ்யத்துல நிக்கணும், நிஜ மாடல் ஒண்ணை தானா எடுத்துக்கவே கூடாது.

மூணாவது, விரல். இந்த 7 இன்ச் பேனல்ல 800-க்கு 480 பிக்சல், அகலம் 154 மில்லிமீட்டர், அப்ப ஒரு பிக்சல் சுமார் 0.19 மில்லிமீட்டர். லிஸ்ட்டை திறந்தா வர்ற வரிசை 30 பிக்சல் உயரம் வெச்சிருந்தாங்க, ஸ்கேல் வெச்சு அளந்தா 6 மில்லிமீட்டர் கூட வரல. கூலன்ட் பட்ட கிளவுஸ் போட்ட கட்டைவிரல் 6 மில்லிமீட்டர் வரிசைல எது மேல உக்காரும்னு அந்த விரலுக்கே தெரியாது. ரெசிஸ்டிவ் டச், கிளவுஸோட வேலை செய்யும், அது வசதி, ஆனா அழுத்தும்போது விரல் லேசா சரியும். டிசைன் பண்றவங்க லேப்டாப்ல சிமுலேஷன்ல மவுஸ் வெச்சு க்ளிக் பண்ணி பாக்கறாங்க, மவுஸ் முனைக்கு 30 பிக்சல் தாராளம், இந்த விஷயம் அங்க தெரியவே தெரியாது.

பாஸ்வேர்ட் கதைய ஒரு வரில முடிச்சுடறேன், பேனல் டோரை திறந்தா உள்பக்கம் செலோ டேப் போட்டு பாஸ்வேர்ட் பேப்பர் ஒட்டியிருந்துச்சு. அதனால மாடல் மாத்தறதுக்கு பாஸ்வேர்ட் வேண்டாம், லைன் லீடர்கிட்ட இருக்கற கீ ஸ்விட்ச் போதும்னு விட்டாச்சு.

புது அமைப்புக்கு வருவோம், இதுலதான் யோசனை நிறைய போச்சு.

அடிப்படை இதுதான், பேரும் பாராமீட்டரும் ஒரே இடத்துல இருக்கணும், பிரிக்கவே முடியாதபடி. பிஎல்சில ஒரு யூடிடி, அதாவது நாமளே வடிவமைக்கற டேட்டா டைப் பண்ணோம், ஒரு மாடலுக்கு ஒரு வரிசை, அதுல பேர், உபயோகத்துல இருக்கா இல்லையான்னு ஒரு பிட், வால்யூம், டெஸ்ட் பிரஷர், ஃபில் டைம், ஸ்டெபிலைஸ் டைம், டெஸ்ட் டைம், லிமிட், ஃபிக்ஸ்சர் கோட், எல்லாம். பேரை 20 எழுத்து ஸ்ட்ரிங்கா வெச்சோம், எஸ்7-ல அது 22 பைட் எடுக்கும், அதிகபட்ச நீளத்துக்கும் இப்ப இருக்கற நீளத்துக்கும் ஒவ்வொரு பைட் கூட சேரும். இப்படி 40 வரிசை. இனிமே யாராவது வரிசைய மாத்தணும்னா முழு வரிசையும் சேந்துதான் நகரும், பேர் மட்டும் தனியா ஓடிப்போக முடியாது.

ஆனா டெக்ஸ்ட் லிஸ்ட் பேனல்ல கம்பைல் ஆகி உக்கார்ற சாமான், பிஎல்சிலேர்ந்து எழுத்தை எடுத்து அதுக்குள்ள நிரப்ப முடியாது. பேசிக் பேனல்ல ஸ்கிரிப்ட்டும் கிடையாது. அதனால டிராப் டவுனையே தூக்கிட்டோம். அதுக்கு பதிலா ஸ்கிரீன்ல 6 வரிசை, ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்ட்ரிங் ஐஓ ஃபீல்ட், அவுட்புட் மட்டும், அதுக்கு மேல கண்ணுக்கு தெரியாத ஒரு பட்டன். பிஎல்சில 6 பேர் வெக்கற ஒரு சின்ன ஜன்னல் அர்ரே, மேல கீழ பட்டன் அமுக்கினா பிஎல்சி ஆஃப்செட்டை மாத்தி, 40 வரிசைலேர்ந்து உபயோகத்துல இருக்கற அடுத்த 6 பேரை அந்த ஜன்னலுக்கு காப்பி பண்ணும். உபயோகத்துல இல்லாத மாடல் லிஸ்ட்லயே வராது, இது ஆபரேட்டர்களுக்கு ரொம்ப பிடிச்சிருச்சு, ஏன்னா ஓடாத பழைய மாடலை எல்லாம் தாண்டி தாண்டி தேட வேண்டியதில்ல. வரிசை உயரம் 56 பிக்சல், 10 மில்லிமீட்டருக்கு மேல, 6 வரிசைக்கு 336 பிக்சல் போச்சு, மிச்சத்துல தலைப்பும் கீழ பட்டனும்.

இதுல ஒரு நுணுக்கமான ஆபத்து இருக்கு, எழுதி வெக்கறேன், ஏன்னா இந்த மாதிரி ஜன்னல் லிஸ்ட் பண்றவங்க நிறைய பேர் இதை கவனிக்கறதில்ல. பேனல் டேகோட அக்விசிஷன் சைக்கிள், அதாவது பிஎல்சிலேர்ந்து வேல்யூவை படிக்கற இடைவெளி, மாத்தாம விட்டா 1 செகண்ட். கீழ பட்டனை அமுக்கினதும் பிஎல்சில ஆஃப்செட் உடனே மாறிடும், ஆனா ஸ்கிரீன்ல பழைய பேர் இன்னும் ஒரு செகண்ட் வரைக்கும் நிக்கும். அந்த இடைவெளில ஆபரேட்டர் மூணாவது வரிசைய தொட்டா, அவர் கண்ணுக்கு தெரிஞ்சது ஒரு பேர், பிஎல்சி எடுத்துக்கறது அடுத்த பக்கத்து மூணாவது பேர். அதாவது எந்த வியாதிய குணப்படுத்த வந்தோமோ அதே வியாதி, புது சட்டைல. அந்த 6 ஸ்ட்ரிங் டேகோட சைக்கிளை 500 மில்லி செகண்டுக்கு குறைச்சோம், ஸ்க்ரோல் பண்ணி 1 செகண்ட் வரைக்கும் வரிசை தொடறதை பிஎல்சி கண்டுக்காதபடி ஒரு டைமர் போட்டோம். அதுக்கும் மேல, தொட்டவுடனே எதுவும் லோட் ஆகாது, தனி ஸ்கிரீன்ல கேட்டு உறுதி பண்ணும்.

உறுதி ஸ்கிரீன்ல என்ன காட்டறோம்ங்கறதுலதான் விஷயமே. பேனல் தன் கையில இருக்கறதை திருப்பி காட்டினா பிரயோஜனம் இல்ல. ரிக்வெஸ்ட் நம்பரை, அதாவது ஆபரேட்டர் கேட்ட மாடல் நம்பரை வெச்சு பிஎல்சி தன் டிபிலேர்ந்து எடுத்த பேர், வால்யூம், லிமிட், இதை காட்டறோம். பக்கத்துல பீஸோட போட்டோ, கிராஃபிக் லிஸ்ட்ல போட்டது. போட்டோ பேனல்ல இருக்கு, அப்ப அது மறுபடி பிரிஞ்ச சமாச்சாரம்தானேன்னு க்வாலிட்டில ஒருத்தர் கேட்டாரு, நியாயமான கேள்வி. அதனால போட்டோவை மாடல் நம்பரோட கட்டல, ஒவ்வொரு வரிசைலயும் போட்டோ நம்பர்னு ஒரு தனி ஃபீல்ட் வெச்சோம், போட்டோக்களுக்கு நம்பர் குடுத்தா குடுத்ததுதான், கடைசில மட்டும்தான் சேக்கலாம். அந்த போட்டோ மேலயே தமிழ்ல பெருசா பீஸோட பேரையும் எழுதி படமா சேவ் பண்ணி போட்டோம், ஃபான்ட் தொல்லை எதுவும் இல்லாம தெரிஞ்சுது, வடநாட்டு பசங்களுக்காக பக்கத்துலேயே ஹிந்தியும்.

லோட் பட்டனை அமுக்கினா என்ன ஆகும்? பழைய பழக்கத்துல எல்லாரும் போடறது செட் பிட் வைல் கீ பிரஸ்ட், விரல் இருக்கற வரைக்கும் பிட் ஒண்ணு, எடுத்தா பூஜ்யம். வேகமா தட்டினா பிஎல்சி பாக்கறதுக்குள்ள போயிடற சந்தர்ப்பம் உண்டு. அதனால பேனல் பிட்டை செட் மட்டும் பண்ணும், பிஎல்சி வேலைய முடிச்சிட்டு தானே ரீசெட் பண்ணும். நடுவுல பிஎல்சி ஒவ்வொண்ணா பாக்கும், ஆட்டோ நின்னிருக்கா, கீ ஸ்விட்ச் ஆன்ல இருக்கா, ஃபிக்ஸ்சர்ல பீஸ் இல்லாம இருக்கா, கேட்ட வரிசை உபயோகத்துல இருக்கா, ஃபிக்ஸ்சர் கோட் பொருந்துதா. எல்லாம் சரின்னா ரிக்வெஸ்ட்டை ஆக்டிவுக்கு மாத்தும், இல்லேன்னா ஒரு காரண நம்பரை திருப்பி குடுக்கும். அந்த காரணத்தை காட்ட பழைய டெக்ஸ்ட் லிஸ்ட்டே போதும், அவுட்புட் மோட்ல. "ஆட்டோவை நிறுத்தவும்", "ஃபிக்ஸ்சர் மாற்றவும்", இந்த மாதிரி. டெக்ஸ்ட் லிஸ்ட்டுக்கு எதிரி இல்ல நான், மாறாத விஷயத்துக்கு அது நல்ல சாமான், மாடல் பேர் மாதிரி மாசத்துக்கு மாசம் மாறறதுக்குத்தான் ஆகாது.

இங்க ஒரு வாக்குவாதம் நடந்துச்சு. நம்பர் 40-ஐ தாண்டி வந்தா என்ன பண்றது? பில்டரோட ஆள் லிமிட் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டு 40-க்குள்ள அடக்கிடலாம்னாரு. ஸ்பீட் செட் பாயின்ட்டுக்கு அது சரி, 1500-க்கு மேல கேட்டா 1500 குடுக்கறதுல தப்பில்ல. மாடல் நம்பர் அளவு கிடையாது, அது ஒரு அடையாளம். 41 கேட்டவருக்கு 40-ஐ குடுத்தா வேற பீஸோட பாராமீட்டர் ஏறிடும். தப்பான நம்பர்னா மறுக்கணும், கிட்டத்துல இருக்கறதை எடுத்து குடுக்கக் கூடாது.

ஓடற ஸ்கிரீன்ல மேல பெருசா வர்ற பேர் இப்ப ஆக்டிவ் வரிசைலேர்ந்து வருது, அதுவும் எப்படின்னா, லோட் ஆகும்போது பிஎல்சி முழு வரிசையையும் ஒரு தனி ஆக்டிவ் ஸ்ட்ரக்சருக்கு காப்பி பண்ணும், லீக் கணக்கு பண்றதும் அதுலேர்ந்துதான், பேர் காட்டறதும் அதுலேர்ந்துதான், லாக் எழுதறதும் அதுலேர்ந்துதான். லாக்ல இப்ப நம்பரோட பேரும் வால்யூமும் லிமிட்டும் போகுது. மூணு மாசம் கழிச்சு கஸ்டமர் ஒரு சீரியல் நம்பர் குடுத்து கேட்டா, இந்த பீஸ் எந்த வால்யூம்ல டெஸ்ட் ஆச்சுன்னு அந்த ஒரு வரியே சொல்லிடும்.

மாஸ்டர் லீக் செக்கும் மாறிச்சு. மாடல் மாத்தினா, அந்த மாடலுக்கு மாஸ்டர் லீக்கை இணைச்சு ஒரு சைக்கிள் ஓட்டி, வேல்யூ எதிர்பாத்த எல்லைக்குள்ள வந்தாதான் புரொடக்‌ஷன் திறக்கும். 200 சிசிக்கு 120 இருந்தா ரீடிங் 40 சதவீதம் கம்மியா வரும், கண்டிப்பா மாட்டிக்கும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இது பிடிக்கல, ஒவ்வொரு மாடல் மாத்தத்துக்கும் நேரம் போகுதேன்னாரு. அவர் சொல்றதும் தப்பில்ல, ஒரு ஷிஃப்ட்ல பல தடவை மாத்தற லைன் அது. கடைசில அவரே பிளானிங்கை கொஞ்சம் மாத்தி ஒரே மாடலை சேத்து ஓட்ட ஆரம்பிச்சாரு, க்வாலிட்டி ஹெட் கையெழுத்து போடாம இதை எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சதும்.

இதுக்கப்புறம் ஒரு புது மாடல் வந்துச்சு. க்வாலிட்டி இன்ஜினியரே பாராமீட்டர் ஸ்கிரீன்ல ஒரு காலி வரிசைல பேர் அடிச்சு, வால்யூம் லிமிட் எல்லாம் போட்டு, உபயோகத்துல இருக்குன்னு பிட்டை ஆன் பண்ணாரு, லிஸ்ட்ல உடனே வந்துடுச்சு, பேனல் டவுன்லோட் பண்ண லேப்டாப்பே யாரும் திறக்கல. ஒரே குறை 20 எழுத்துல கஸ்டமரோட முழு பார்ட் நம்பரும் ரிவிஷனும் அடங்கல, ரிவிஷன் எழுத்து கடைசில வெட்டுப்பட்டு போச்சு. ரெண்டு ரிவிஷனும் ஒரே பேரா தெரிஞ்சா மறுபடி பழைய இடத்துக்கே போயிடுவோம்னு, ரிவிஷனை பேரோட முன்னாடி கொண்டு வந்து வெச்சிருக்கோம். அடுத்த ஷட்டவுன்ல ஸ்ட்ரிங்கை 32 ஆக்கணும், பேனல் பக்கம் 6 டேகோட நீளத்தையும் கூடவே மாத்தணும், ஒண்ணை விட்டுட்டா அந்த வரிசை மட்டும் அரைகுறையா வரும்.